திருத்தமும் திரிபும்

(இயக்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

கணினி நிரல்களின் நடையைத் திருத்துவது பற்றிப் பேசுமாறு எனக்குப் பணித்திருக்கின்றனர். தமிழாசிரியன் ஒருவனை இதற்கு அழைத்தது எற்றுக்கு என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். முதலில் யானும் அவ்வாறே எண்ணினேன். ஆயினும், முப்பதாண்டுகளாகச் சிவப்பு மையும் கையுமாகப் பிறர் எழுத்தைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டவன் என்னும் ஒரு தகுதி எனக்கு உண்டு. இன்னொன்றும் உண்டு. என்னிடம் பயின்று இன்று நிரலராகப் பணியாற்றும் இளைஞர் ஒருவர், சென்ற ஆண்டில் ஒருநாள் மாலை முகஞ்சோர்ந்து என் வீட்டுக்கு வந்தார். அவர் கொண்டுவந்த சிக்கலே இவ்வுரைக்கு முதல்.

சிக்கலைச் சொல்லுமுன் களத்தைச் சொல்லல் வேண்டும். கணினிக்கு இடும் கட்டளைகளின் கோவையே நிரல். அஃது எழுதப்பெற்ற வடிவிலேயே எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் இசைவு பெற்றிருப்பின் அதனைத் திறவூற்று மென்பொருள் என்கின்றோம். அவற்றுள் தலையாயது இலினக்சு. 1991-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த இலினசு தோர்வால்ட்சு என்னும் 21 அகவை இளைஞர், தாம் எழுதிவந்த இயக்குதளத்தைப் பற்றி வெளியே அறிவித்தார். அவர் தொடங்கிய உட்கருவே இன்று ஆண்டிராய்டு கைப்பேசிகளிலெல்லாம் அடியில் நின்று இயங்குகின்றது. இங்கிருப்போர் பலருடைய சட்டைப் பையிலும் அஃது இருக்கின்றது. நீங்கள் அறியாமலே அதனைச் சுமந்து வந்திருக்கின்றீர்கள்.

அவ்வுட்கருவில் ஒருவர் ஏதேனும் மாற்ற விரும்பினால், எவ்வெவ் வரியை நீக்கினேன், எவ்வெவ் வரியைச் சேர்த்தேன் என்று காட்டும் துணுக்கொன்றை ஆக்கி, அப்பகுதியைக் காத்துவரும் பேணுநர்க்கு மின்மடலில் விடுத்தல் வேண்டும். அத்துணுக்கை யான் ஒட்டு என்று சொல்வேன். கிழிந்த துணிக்கு இடும் ஒட்டினைப் போன்றதே அது. பேணுநரும் பிறரும் ஊரறியப் படித்துக் குறை கூறுவர். குறை தீர்ந்த பின்னரே ஒட்டு உள்ளே செல்லும்.

இனி நடை. நிரலுக்கு நடை உண்டோ எனின், உண்டு. இலினக்சு பெரும்பாலும் சி என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியில் இடைவெளி எத்துணை விட்டாலும், வரியை எங்கே மடக்கினாலும் கணினி பொருட்படுத்துவதில்லை. படிக்கும் மாந்தனுக்கே அது தேவை. ஆகவே உட்கருவோடு நடைநெறி ஆவணம் ஒன்றும் வைக்கப்பட்டிருக்கின்றது. ஒவ்வோர் உள்தள்ளலும் எட்டெழுத்து அகலம் இருத்தல் வேண்டும். மூன்று படிக்கு மேல் உள்ளே தள்ளவேண்டி வந்தால் உன் நிரலின் அமைப்பே பிழை, அதைத் திருத்து என்கின்றது அவ்வாவணம். தொடக்கத்திலேயே, இன்னோர் அமைப்பார் வகுத்த நடைநெறியை அச்சிட்டு, படியாமலே எரித்துவிடுங்கள் என்று எள்ளி நகையாடுகின்றது. படியாமல் எரிப்பதை யான் ஒப்பேன். ஆயினும் நன்னூற் பாயிரம் பயின்ற காதுக்கு, ஓர் இலக்கண நூல் பகடியோடு தொடங்குவது புதுமையாகவே இருந்தது.

ஒரு வரிக்கு 80 எழுத்து என்பது நெடுநாள் வரம்பு. பழைய கணினித் திரைகளின் அகலம் அது. இப்பொழுதும் 80-ஐயே ஆவணம் விரும்புகின்றதெனினும், 2020 மே திங்களில், 100 எழுத்து வரை கருவி குறை கூறாதவாறு தளர்த்தினர். எக்கருவி என்பீர்கள். செக்பேட்சு என்று 2007 முதல் உட்கருவோடு இணைந்து வரும் சிறு நிரல் ஒன்று உண்டு. ஒட்டினை அதனிடம் தந்தால், இங்கே இடைவெளி மிகை, அங்கே அடைப்பு இடம் மாறியது, இவ்வரி நீண்டது என்று வரியெண்ணோடு அடுக்கும். புணர்ச்சிப் பிழைகளை அவ்வாறு அடுக்கித் தரும் கருவி ஒன்று எனக்கு முப்பதாண்டுகட்கு முன்னர்க் கிடைத்திருப்பின், என் கண்ணாடி இவ்வளவு தடித்திராது.

இக்கருவியே புதியோர்க்கு வாயில் ஆயிற்று. உட்கருவில் சுடேசிங்கு என்றொரு பகுதி 2008 முதல் உண்டு. நாம் ஒத்திகைக் களம் எனலாம். முழுமை எய்தாத இயக்கிகள், அஃதாவது ஒவ்வொரு புறக்கருவியையும் கணினியோடு இணைக்கும் நிரல்கள், அங்கே கிடக்கும். அவற்றின் நடையைத் திருத்தித் தரும் புதியோரை அங்கே வரவேற்பர். ஒட்டு எவ்வாறு ஆக்குவது, மடல் எவ்வாறு விடுப்பது, குறை கேட்டால் எவ்வாறு மறுமொழிவது என்பனவற்றைக் கற்கும் திண்ணைப் பள்ளி அது.

என் மாணவரும் அத்திண்ணையிலேயே ஏறியிருக்கின்றார். கம்பியின்றி வலையிணைக்கும் கருவியொன்றின் இயக்கியை எடுத்துச் செக்பேட்சிடம் தந்தார். அது 17 குறை கூறிற்று. ஒரே மாலையில் பதினேழையும் திருத்தி, ஒரே ஒட்டாகக் கட்டி விடுத்தார். இரண்டு நாளில் மறுமொழி வந்தது. முகமன் இல்லை, மூன்றே வரி. பலவகை மாற்றங்களை ஒன்றாகக் கலந்திருக்கின்றீர்; பிரித்து அனுப்புக. காத்திருப்பை மாற்றியிருக்கின்றீரே, அக்கருவி உம்மிடம் உண்டா, இயக்கிப் பார்த்தீரா? பாராவிடின் அதனை விட்டுவிடுக.

"ஐயா, இடைவெளியைத் திருத்திக் கொடுத்ததற்கு இப்படியா முகத்தில் அறைவது?" என்றார்.

"தம்பி, அறைந்தது இருக்கட்டும். நீ அனுப்பியதை எனக்கு வரிவரியாகச் சொல்" என்றேன்.

சொன்னார். 16 மாற்றங்கள் இடைவெளியும் அடைப்பும் பற்றியனவே. பதினேழாவது வேறு. ஓரிடத்தில் நிரல் சிறிதளவு நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருத்தல் இருவகை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கண்கொட்டாமல் அதன் எதிரேயே நிற்பது ஒருவகை. 'சற்றுக் கழித்து எழுப்பு' என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவது மற்றொருவகை. முன்னதில் கணினியின் செயலி வேறெவ் வேலையும் பாராமல் விழித்துக் கிடக்கும். பின்னதில் செயலி பிறர் வேலைக்குப் போகும். பின்னதே சிக்கனம் ஆகலின், விழித்துக் காப்பதை விடுத்து உறங்கிக் காப்பதே மேல் என்று செக்பேட்சு பரிந்துரைத்தது. மாணவரும் ஒரு சொல்லை நீக்கி மறுசொல்லை இட்டார்.

ஆனால் உறங்கக் கூடாத இடங்களும் உண்டு. பலர் புழங்கும் அறையொன்றைப் பூட்டித் திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் உள்ளே உறங்கினால், வெளியே வரிசை நிற்கும். வரிசையில் முதல்வனாக நிற்பவனே அவனை எழுப்பவேண்டியவனாயின், எழுப்புவார் எவரும் இலர். உட்கருவிலும் அத்தகைய பூட்டுகள் உண்டு. பூட்டைப் பிடித்துக்கொண்டு உறங்கினால் கணினியே உறைந்துபோகலாம். என் மாணவர் மாற்றிய வரி, அத்தகைய பூட்டைப் பிடித்தவாறே அழைக்கப்பெறும் பகுதியில் இருந்தது. அழைக்கும் இடம் வேறொரு கோப்பில். ஒட்டினைப் படித்த கருவிக்கு அது தெரியாது. கருவியை நம்பிய மாணவர்க்கும் தெரியவில்லை. புறக்கருவியோ அவரிடம் இல்லை. மூன்று வரி எழுதிய பேணுநர்க்குத் தெரிந்திருந்தது.

இங்கே என் தொழிலறிவைச் சற்றே சொல்ல இசைவு தருக. தேர்வுத் தாள் திருத்துவோர் அறிவர்: ஒரு மாணவன் முதற் பதினைந்து விடைகளையும் செவ்வனே எழுதியிருந்தால், பதினாறாவது விடைக்குக் கை தானே சரிக்குறி இடும். கண் படிப்பதை நிறுத்திவிடும். கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். யான் அவ்வாறு இட்ட சரிக்குறிகள் எத்துணையோ! நடைத்திருத்த ஒட்டின் தீமையும் அதுவே. ஊறில்லாத பதினாறு வரிகள் படிப்பவரைத் தாலாட்டி உறங்க வைக்கும். பதினேழாவது வரி அத்தூக்கத்தில் உள்ளே நுழையும். ஆகவே தோற்றத்தைத் திருத்துவது ஓர் ஒட்டு, செயலை மாற்றுவது மற்றோர் ஒட்டு என்று பிரிக்கச் சொல்கின்றனர். அது வெறும் ஒழுங்குமுறை என்று எண்ணற்க. படிப்பவன் கண்ணின் வலிமையின்மையை அறிந்து வகுத்த நெறி.

உள்ளே நுழைந்தால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சான்று தருவேன். தெபியன் என்பது இலினக்சினை அடியாகக் கொண்ட இயக்குதளத் தொகுப்பு. மறைமொழிக்குரிய திறவுகோல்களை ஆக்கும் ஓப்பன் எசுஎசுஎல் என்னும் மென்பொருளும் அதில் அடங்கும. அத்திறவுகோல்களின் வலிமையெல்லாம், பிறரால் ஊகிக்க இயலாமையிலேயே இருக்கின்றது. 2006-இல் பிழைகாண் கருவியொன்று அம்மென்பொருளின் இரண்டு இடங்களைச் சுட்டி, இன்னும் மதிப்பிடப்பெறாத நினைவகத்தைப் படிக்கின்றாய் என்று முணுமுணுத்தது. இரண்டு வரிகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. அவற்றுள் ஒன்றை நீக்கினால் பெருங்கேடில்லை. மற்றொன்றோ, ஊகிக்கவொண்ணாமை முழுதும் உள்ளே புகும் வாயில். தெபியனில் அதனைப் பேணியவர் கேளாமற் செய்தாரல்லர். உருவாக்குநர்களின் மடற்குழுவில் வினவவே செய்தார். தடுப்பார் இலராக, இரண்டையும் நீக்கினார். கருவியின் முணுமுணுப்பு அடங்கிற்று. 2006 செப்டம்பரில் அம்மாற்றம் வெளிவந்தது. அதன்பின் ஒவ்வொரு திறவுகோலும், இயங்கும் நிரலின் அடையாள எண் ஒன்றை மட்டுமே நம்பிப் பிறந்தது. அவ்வெண் 32,768-க்கு உட்பட்டது. எண்ணித் தொலையாத திறவுகோல்கள் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு வகைக்கும் அளவுக்கும் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சமே இருந்தன. அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்கக் கணினிக்கு நெடுநேரம் வேண்டா. 2008 மே திங்களில் இலூசியானோ பெல்லோ என்பவர் கண்டறிந்து சொல்லும் வரை, ஓராண்டு எட்டுத் திங்கள், உலகெங்கும் அப்பூட்டுகள் பூட்டினாற்போலத் தொங்கிக்கொண்டிருந்தன. தெபியனை அடியொற்றிய உபுண்டுவுக்கும் அதே நிலை. பிழை திருத்தியது மட்டும் போதவில்லை. அதற்கிடையில் ஆக்கிய திறவுகோல்களையெல்லாம் எறிந்துவிட்டுப் புதியன ஆக்க நேர்ந்தது.

இதனைக் கேட்டு, நடைத்திருத்தமே வேண்டா என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மறுபுறமும் உண்டு. 2014 பிப்பிரவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிகளில் ஒரு பெரும் ஓட்டை வெளிப்பட்டது. மறுமுனையில் இருப்பவர் உண்மையாளரா என்று ஆய்ந்தறியும் நிரற்பகுதியில், 'ஆய்வை விடுத்துக் கடைசிக்குத் தாவுக' என்னும் கட்டளை அடுத்தடுத்து இருமுறை எழுதப்பட்டிருந்தது. முதற்கட்டளை 'பிழை இருப்பின்' என்னும் நிலைமொழிக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எதற்கும் கட்டுப்படாதது. ஆனால் இரண்டும் ஒரே அளவில் உள்தள்ளி எழுதப்பட்டிருந்தமையால், இரண்டும் நிலைமொழிக்கு உட்பட்டன என்றே கண் கொண்டது. கணினியோ உள்தள்ளலை மதியாது. எப்பொழுதும் தாவியது, ஒப்பத்தை ஆயும் இறுதி ஆய்வு நடைபெறவே இல்லை. எவ்வளவு சிறிய நிலைமொழியாயினும் அடைப்புக்குள் இடுக என்னும் நடைநெறியை மேற்கொண்டிருப்பின், அவ்விரண்டாம் வரி கண்ணில் உறுத்தியிருக்கும். இத்தகைய ஏமாற்றும் உள்தள்ளலைச் சுட்டிக் காட்டும் திறனை 2016-இல் வெளிவந்த சிசிசி-யின் ஆறாம் பதிப்பிலேயே சேர்த்தனர். சிசிசி என்பது எழுதிய நிரலைக் கணினி அறியும் வடிவுக்கு மாற்றித் தரும் தொகுப்பி.

ஆகவே நடை வேண்டும். அதனைத் திருத்துவோரை ஐயுற்று நோக்கவும் வேண்டும். இந்த ஐயம் மிகையோ என்பார்க்கு இன்னொன்று. அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர், 2020-இல், சிறு திருத்தங்கள் போலத் தோன்றி உள்ளே குறையை ஒளித்த ஒட்டுகளை வேற்றுப் பெயரில் உட்கருவுக்கு அனுப்பி, பேணுநர்கள் கண்டுகொள்கின்றார்களா என்று ஆய்ந்தனர். 2021 ஏப்பிரலில் இது பெரும் பூசலாயிற்று. மூத்த பேணுநராகிய கிரெக் குரோவா-ஆர்ட்மன், அப்பல்கலைக்கழகத்தின் ஒட்டுகளை இனி ஏலோம் என்றார். முன்னர் அங்கிருந்து வந்தவற்றையும் மீளாய்வுக்கு உட்படுத்தினர். ஆய்வுக் கட்டுரையை எழுதியோரே திரும்பப் பெற்றனர். நேர்மையாக ஒட்டு அனுப்பிய மாணவர்க்கும் அந்தப் பழி நிழலாயிற்று.

வரலாற்றுக் கேடு ஒன்றும் உண்டு. அதனை விரைந்து சொல்லிவிடுகின்றேன். தோர்வால்ட்சு 2005-இல் ஆக்கிய கிட் என்னும் கருவி, ஒவ்வொரு வரியையும் யார், என்று, எக்கரணியம் பற்றி எழுதினார் என்று காட்டும். எல்லா வரியிலும் இடைவெளி திருத்தியவர் பெயரே எல்லா வரிக்கும் மேலே ஏறி நிற்கும். எழுதியவரின் கரணியம் ஓரடுக்குக் கீழே புதையும். 2019-இல் இத்தகைய திருத்தங்களைத் தாண்டி நோக்கும் வழியை அக்கருவியிலேயே வைத்தனர் என்பது ஓர் ஆறுதல். 2009-இல் வெளிவந்த கோ என்னும் நிரல்மொழியிலோ, நடையைத் தானே ஒழுங்குறுத்தும் கருவியைத் தொடக்கத்திலேயே தந்துவிட்டமையால், இடைவெளிச் சண்டைக்கே அங்கு இடமில்லை. முப்பதாண்டு கடந்த பெருநிரலுக்கு அவ்வழி எளிதன்று.

இவ்வளவும் கேட்ட என் மாணவர், "அப்படியானால் கருவி சொன்னதைக் கேட்டது என் பிழையா, ஐயா?" என்றார். அப்பொழுது யான் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொன்னேன். உங்களிடமும் சொல்வதில் எனக்கு நாணமில்லை. நம் கூட்டத்தார்க்கு அது பயன்படும்.

இருபதாண்டுகட்கு முன்னர் மலரொன்றைத் தொகுக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. முதிய உழவர் ஒருவர் பழைய நீரிறைப்பு முறை பற்றிக் கைப்பட எழுதித் தந்திருந்தார். அதில் 'கமலை' என்னும் சொல் பலவிடத்தும் வந்தது. தாமரையைக் குறிக்கும் வடசொல்லின் ஒலியாக இருக்கின்றதே என்று ஐயுற்றேன். அகரமுதலியைப் புரட்டவில்லை, எழுதியவரைக் கேட்கவும் இல்லை. 'ஏற்றம்' என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்கின்றதே என்று கமலையையெல்லாம் ஏற்றமாக்கி அச்சுக்கு விடுத்தேன். மலர் வெளிவந்தது. உழவர் வந்தார். சினக்கவில்லை. "ஐயா, கமலைக்குத்தான் இரண்டு மாடு; சரிவில் இறங்கி வடத்தை இழுக்கும். ஏற்றத்துக்கு ஆள்தான் மரத்தின்மேல் ஏறி நடப்பான். என் மாடுகளை மரத்தின்மேல் ஏற்றி நடக்க விட்டுவிட்டீர்களே!" என்றார். நூற்றுக்கணக்கான படிகளில் அம்மாடுகள் இன்றும் மரத்தின்மேல் நடந்துகொண்டிருக்கின்றன.

அங்கே தூய்மை என்னும் கருவி எனக்குள்ளேயே இருந்தது. அது சுட்டிக் காட்டியது பிழையன்று. கேளாமல் மாற்றியதே பிழை. ஏடு பெயர்த்தெழுதுவோர் தமக்கு விளங்காத அருஞ்சொல்லை, விளங்கிய எளிய சொல்லாக்கிச் 'செப்பம்' செய்ததால் எத்துணைப் பாடல்கள் திரிந்தன என்பதைப் பதிப்பாசிரியர்கள் அறிவர். ஐயமுற்ற இடத்தில் மூலத்தை அவ்வாறே நிறுத்தி, வேறுபாட்டை அடிக்குறிப்பில் தந்த நல்லாசிரியர் மரபும் நம்மிடையே உண்டு. யான் அம்மரபில் பட்டம் பெற்றவன், பெற்றும் செய்தேன்.

ஆனால் பேணுநரின் மூன்று வரியை யான் முழுதும் ஒப்பவில்லை என்பதையும் மாணவரிடம் மறைக்கவில்லை. அவர் கேட்டது சரி. கேட்ட முறையில், கலக்கக் கூடாதது ஏன் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அவர் ஒருநாளைக்கு எத்துணை ஒட்டுகள் படிக்கின்றார் என்பதை எண்ணினால் சினம் தணிகின்றது; ஆயினும் திண்ணைப் பள்ளி நடத்துகின்றவர்க்குத் திண்ணைப் பொறுமை வேண்டும். உட்கருவின் வலைத்தொடர்புப் பகுதியார், வேறு பணியோடு சேராத வெறும் தூய்மைத் திருத்தங்களை விரும்போம் என்று எழுதியே வைத்துவிட்டனர். அது நேர்மை. கதவு மூடியிருப்பின், தட்டுமுன்னரே தெரிந்துகொள்ளலாம்.

மாணவர் மறுநாளே மீண்டும் அமர்ந்தார். பதினேழாவதைத் தூக்கியெறிந்தார். பதினாறையும் வகைவகையாகப் பிரித்து நான்கு ஒட்டுகள் ஆக்கினார். இம்முறை ஒன்று கூடுதலாகச் செய்தார். திருத்துமுன் ஒருமுறையும் திருத்தியபின் ஒருமுறையும் அவ்வியக்கியைத் தொகுத்து, கணினிக்குரிய வடிவம் இரண்டும் ஓரிம்மியும் வேறுபடாமையை ஒப்பிட்டுப் பார்த்து, அதனை மடலிலும் எழுதினார். தோற்றம் மட்டுமே மாறியது என்பதற்கு அதனினும் வலிய சான்று வேறென்ன? இரண்டு ஒட்டுகளில் மேலும் சிறுகுறை கூறினர். மூன்றாம் முறையில் நான்கும் உள்ளே சென்றன. இவ்வாண்டுத் தொடக்கத்தில் கருவியையே விலை கொடுத்து வாங்கிவிட்டார்; காத்திருப்பு வரியை இப்பொழுது உண்மையாகவே ஆய்ந்துகொண்டிருக்கின்றார்.

சென்ற கிழமை மீண்டும் வந்தார். அதே இயக்கிக்குப் புதியவர் எவரோ பதினைந்து திருத்தங்களை ஒரே ஒட்டாகக் கட்டி அனுப்பியிருக்கின்றாராம். மறுமொழி எழுதவேண்டும், எப்படித் தொடங்குவது என்று கேட்டார். "நன்றி என்று தொடங்கு" என்றேன். அவ்வாறே தொடங்கினார். கலக்கக் கூடாதது ஏன் என்பதை நான்கு வரியில் பொறுமையாக விளக்கினார். எட்டிப் பார்த்தேன், அதற்கடுத்த வரியில் "இக்கருவி உங்களிடம் உண்டா?" என்று எழுதியிருந்தார்.